வழுவமைதி

இரவு பத்தரை மணிக்கு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "தம்பீ... ஏ தம்பீ..." என்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பா டார்ச் லைட்டோடு நின்றார். வெளிச்சத்தை மதில் பக்கம் அடிக்காமல் தன் காலடியிலேயே அடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கோயம்புத்தூர்க்காரர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

"என்னங்க, பையனைக் காணோமுங்களா? எத்தனை வயசுங்க?"

"ஏழு" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் சுதாரித்துக்கொண்டு, "பூனை சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா சிரிக்கவில்லை. "அதுக்குத் தெரியும் எப்ப வரணும்னு. நீ வந்து படு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பாளையங்கோட்டையில், தெற்கு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அப்பாவின் வீடு. சென்னையிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்திருந்தேன். எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஊர் சுற்றும் பூனையை வீட்டில் நிற்க வைப்பது ஒன்று. அப்பாவுக்கு ஒரு நாய் பார்ப்பது இன்னொன்று.

நாய் யோசனை வந்ததற்குக் காரணம் மார்கழியில் நடந்த ஒரு விஷயம். அப்பாவுக்கு 76 வயது. விடிகாலையில் மோட்டார் போடப் பின்கட்டுக்குப் போனவர் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். நெற்றி துவைகல்லில் பட்டது. எழுந்திருக்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். பால் பாக்கெட் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்ததால் தெரிந்தது. ஆறு தையல். ஆச்சி என்னை நான்கு முறை அழைத்திருக்கிறாள். நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். போன் சத்தம் அணைக்கப்பட்டுப் பைக்குள் கிடந்தது.

அந்த நான்கு தவறிய அழைப்புகளை நான் இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை.

"கேமரா வச்சிருவோம்ப்பா" என்றேன். "நான் என்ன நகைக்கடையா?" என்றார். கூட ஆள் வைக்கலாம் என்றால் பேச்சையே மாற்றினார். சென்னைக்கு வரச் சொல்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். என் கணவர்தான் நாயைப் பற்றிச் சொன்னார். நாய் இருந்தால் குரைக்கும், நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். தெருவில் இரண்டு வீடு தள்ளிப் பித்தளைப் பாத்திரம் திருடு போயிருக்கிறது, அதற்கும் ஆகும். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், நாயைக் கூட்டிக்கொண்டாவது நடப்பார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யோசிக்க யோசிக்க எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு நாயை வாங்கி வைத்துவிட்டால் போன் சத்தத்தை அணைத்துவிட்டு நான் நிம்மதியாகக் கூட்டத்தில் உட்காரலாம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தது. இருந்தது என்று சொல்ல முடியாது. வந்துபோய்க்கொண்டிருந்தது.

*

2018 கார்த்திகை மழையில் அம்மா அதைக் கொண்டுவந்தாள். காய்கறிக் கடை வாசலில் நின்ற ஸ்கூட்டருக்கு அடியில் உள்ளங்கை அளவில் கத்திக்கொண்டிருந்ததாம். செம்பட்டையும் வெள்ளையும் கலந்த ஆண் குட்டி. எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. முப்பத்தெட்டு வயதில் எனக்கு ஒரு தம்பி வந்தான். அம்மா அதற்கு வைத்த பெயரே அதுதான்.

அப்பா தமிழாசிரியர். முப்பத்து மூன்று வருடம் ஒரே பள்ளிக்கூடம். "தம்பி சாப்பிட்டான்", "தம்பி தூங்குதான்" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் சாய்வு நாற்காலியிலிருந்து குரல் வரும். "சாப்பிட்டது. தூங்குகிறது." மனிதர்களும் தேவர்களும் நரகர்களும்தான் உயர்திணை. பூனை, நாய், அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் ஒரே கூட்டம்.

அம்மா விடமாட்டாள். "பசுவப் பாத்து அம்மா வந்துட்டான்னு சொன்னா தப்பில்லன்னு நீங்கதான பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்தீங்க?"

சொல்லிக்கொடுத்தார்தான். நன்னூலில் இருக்கிறது. திணையை மாற்றிச் சொல்வது பிழை. அந்தப் பிழைக்கு வழு என்று பெயர். ஆனால் மகிழ்ச்சியாலோ மதிப்பாலோ கோபத்தாலோ ஒருவர் மாற்றிச் சொன்னால் இலக்கணம் அதைத் தள்ளுவதில்லை. பிழை என்று தெரிந்தே ஏற்றுக்கொள்கிறது. அதற்கு வழுவமைதி என்று பெயர். பத்தாம் வகுப்பில் அப்பாவிடமே நான் இதைப் படித்தேன். இரண்டு மதிப்பெண் கேள்வி.

"அது பசுவுக்கு" என்பார் அப்பா. "இதுக்கு எதுக்கு?"

"சவத்து மூதி, நீ வா தம்பி, அவரு கெடக்காரு" என்று அம்மா பூனையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். எங்கள் வீடு சைவம். தம்பிக்கும் தயிர்ச்சோறும் பாலும்தான். அவன் சாப்பிட்டுவிட்டு மதிலில் ஏறிப் போவான். சாயங்காலம் வரும்போது அவன் வாயில் மீன் வாடை அடிக்கும். அம்மா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிடுவாள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

2022 ஆடியில் அம்மா போனாள். அன்று காலையில் வெளியே போன தம்பி ஒன்பது நாள் வரவில்லை. பதினோராம் நாள் காரியத்துக்கு முந்தின இரவு, பந்தல்காரர்கள் போன பிறகு, மதிலில் வந்து உட்கார்ந்திருந்தான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியாம்மா, இதுதான் பூனை. நாயா இருந்தா வாசல விட்டு அசைஞ்சிருக்காது" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அவன்மேல் அன்றைக்கு வந்த கோபம் வெகுநாள் இருந்தது. தெரியாத ஆட்கள், பந்தல், பறைச் சத்தம், இடம் மாறிய கட்டில் எல்லாம் பூனையைப் பயமுறுத்தி விரட்டிவிடும் என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது. அவன் போனது எங்களை விட்டல்ல, அந்தக் கூட்டத்தை விட்டு. ஆனால் இதைச் சொல்லி அப்பாவிடம் வாதாட நான் அப்போது ஊரில் இல்லை. காரியம் முடிந்த இரண்டாம் நாள் ரயில் ஏறியிருந்தேன்.

*

பூனையை வீட்டில் நிறுத்துவது பற்றி நான் நிறையப் படித்துவிட்டு வந்திருந்தேன். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உள்ளிட்ட நாடுகளில் 900-க்கும் மேற்பட்ட வீட்டுப் பூனைகளின் உடம்பில் ஜிபிஎஸ் கருவி கட்டி எங்கெல்லாம் போகின்றன என்று பார்த்திருக்கிறார்கள். 2020-ல் வந்த ஆய்வு. பெரும்பாலான பூனைகள் வீட்டிலிருந்து நூறு மீட்டரைத் தாண்டவில்லை. காயடிக்காத ஆண் பூனைகள்தான் அதிகம் சுற்றுகின்றன. இதைப் படித்ததும் எனக்குத் தைரியம் வந்தது. அறுவை சிகிச்சை செய்தால் பாதி சரியாகிவிடும்.

கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக அவனைக் கட்டைப்பைக்குள் திணிக்கும்போது என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு போட்டுவிட்டான். மருத்துவர் முதலில் என் கையைத்தான் பார்த்தார். "இதுக்குத் தடுப்பூசி போட்டிருக்கீங்களா?" போடவில்லை. "அப்ப நீங்க போய்ப் போட்டுக்கோங்க. பூனைக் கீறல்னு விடாதீங்க" என்றார். பிறகு என்ன சாப்பாடு கொடுக்கிறோம் என்று கேட்டார். தயிர்ச்சோறு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பூனை இறைச்சி தின்றே வாழ வேண்டிய பிராணி. டாரின் என்று ஒரு சத்து, அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. நாயின் உடம்பு அதைத் தானே ஓரளவு உண்டாக்கிக்கொள்ளும், பூனையால் போதுமான அளவு முடியாது. அது கிடைக்காவிட்டால் பார்வை கெடும், இதயம் பழுதாகும். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது. "ஏழு வருஷமா இது உசிரோட நல்லா இருக்குன்னா வேற எங்கயோ நல்லா சாப்பிடுதுன்னு அர்த்தம்" என்றார் மருத்துவர்.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசு மருத்துவமனையில் ஊசி போடும் வரிசையில் எனக்கு முன்னால் பதினோரு பேர். பலகையில் 'நாய்க்கடி' என்று மட்டும் எழுதியிருந்தது. நர்ஸம்மா தலை நிமிராமல், "தெரு நாயா, வீட்டு நாயா?" என்றார். "பூனை. எங்க வீட்டுப் பூனைதான்" என்றேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்கு முன்னால் நின்ற பள்ளிக்கூடப் பையனைத் தெரு நாய் கடித்திருந்தது. பின்னால் நின்ற பெரியவரைக் கடித்தது அவர் பதினோரு வருடமாக வளர்க்கும் நாய். தூங்கிக்கொண்டிருந்ததை மிதித்துவிட்டாராம். "தப்பு என்மேலதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "கடிச்சிட்டு அதுவே அழுதுச்சு. நேத்துலேர்ந்து சாப்பிடல." முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அட்டையில் எழுதித் தந்தார்கள். அந்த வரிசையில் நிற்கும்போதும் நாய் வாங்கும் எண்ணம் எனக்குக் குறையவில்லை. அந்தப் பெரியவரைப் பார்த்ததில் கூடத்தான் செய்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டிவிட்டார்கள். மாடி ஜன்னலுக்கும் பின்கட்டுக்கும் வலை அடித்தேன். பிளாஸ்டிக் தொட்டியில் ஆற்று மணல் கொட்டி வைத்தேன். பாக்கெட் தீனி வாங்கினேன். அதில் மீன் இருப்பதால் அடுக்களைக்குள் வைக்க மனசு வராமல் வாசல் திண்ணையில் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில், தண்ணீர் கேன் போடும் பையன் கதவைத் திறந்த இடைவெளியில், கூம்போடு ஓடிவிட்டான். அன்று இரவுதான் நான் மாடியில் நின்று கத்தியது.

மறுநாள் மத்தியானம் வந்தான். கூம்பு இல்லை. யாரோ நாடாவைப் பக்குவமாக அவிழ்த்திருந்தார்கள். காயத்தில் மஞ்சள் வைத்திருந்தது.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்துக்குப் போனோம். சங்கரன்கோவில் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அப்பா வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ராஜபாளையம் நாய்க்குப் பெருமை உண்டு. 2005-ல் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது அதில் இதுவும் ஒன்று. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. நாங்கள் போன வீட்டில் முற்றத்தில் ஐந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டுகொண்டிருந்தன. வளர்ப்பவர் நேர்மையான மனிதர். குட்டிகளுக்குப் பின்னால் நின்று கைதட்டிக் காட்டினார். நான்கு திரும்பின, ஒன்று திரும்பவில்லை. "இந்த வெள்ளையில சிலது காது கேக்காமப் பொறக்கும். பாத்து வாங்கணும்" என்றார். பிறகு, "வீட்ல வேற என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"பூனை."

"அப்ப யோசிச்சிக்கிடுங்க. இது வேட்டை நாய். சிப்பிப்பாறை, கன்னியும் அப்படித்தான். ஓடுறதப் பாத்தா துரத்தும். குட்டியிலேர்ந்தே சேத்து வளத்தா பழகும். ஆனா உங்க பூனை வளந்த பூனை. அது ஓடும், இது துரத்தும். பூனை ஒரு நா வீட்டுக்கு வராமலே போயிரும்."

செய்யவே முடியாது என்றில்லை. இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்து, ஒன்றின் துணியை மற்றொன்று மோந்து பழகவிட்டு, பூனைக்கு நாய் எட்டாத உயரத்தில் சாப்பாடும் இடமும் கொடுத்து, நாயைக் கயிற்றில் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்க விட வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். யார் செய்வது? எனக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"இந்தக் குட்டி நல்லா இருக்கும் சார்" என்று அவர் ஒன்றைத் தூக்கி நீட்டினார்.

"குருளை" என்றார் அப்பா.

"என்ன சார்?"

"நாயோட குட்டிக்குக் குருளைன்னு பேரு. தொல்காப்பியத்துல இருக்கு." பிறகு அவராகவே, "குட்டின்னாலும் தப்பில்ல. அவரே விட்டுட்டாரு" என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் அந்தக் குட்டியை வாங்கிய விதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்தைத் தாங்கி, சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். நாய் தூக்கிப் பழகியவர்கள் அப்படித்தான் தூக்குவார்கள். நாற்பத்தைந்து வருடத்தில் அப்பா ஒரு நாயைத் தொட்டு நான் பார்த்ததில்லை. குட்டி அவர் தாடையை நக்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நமக்கு வேண்டாம்மா, போவோம்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பும் வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

*

வீட்டுக்கு வந்து கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். தம்பி எங்கேதான் போகிறான் என்று பார்த்துவிடுவது. கழுத்துக்கு ஒரு பட்டை வாங்கி, அதில் சின்னத் துண்டுச் சீட்டைச் சுருட்டி டேப் போட்டு ஒட்டினேன். 'இது எங்கள் வீட்டு பூனை. உங்கள் வீட்டுக்கு வருகிறதா? தயவுசெய்து தெரிவிக்கவும்.' கீழே என் போன் நம்பர்.

ஒட்டுவதற்கு முன்னால் அப்பா வாங்கிப் பார்த்தார். நான் செய்வது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "வீட்டுப் பூனை. நடுவுல 'ப்' எங்க?" என்றார். பேனாவை எடுத்து அவரே போட்டார்.

அன்று சாயங்காலம் மூன்று செய்திகள் வந்தன.

முதல் செய்தி, குரல் பதிவு. பின்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. "அது உங்க பூனையா? நாங்க ஜானின்னு கூப்பிடுதோம். மெஷினுக்கு மேல படுத்துத் தூங்கும். கழுத்துல என்னமோ மாட்டிவிட்டிருந்துச்சு, பாவமா இருந்துச்சு, நாந்தான் அவுத்துவிட்டேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க."

இரண்டாவது ஒரு படம். டீக்கடைப் பலகையில் தம்பி மல்லாக்கப் படுத்திருக்கிறான். கீழே 'டைகர்' என்று மட்டும் எழுதியிருந்தது.

மூன்றாவது ஒரு சிறுமி எழுதியது. 'அக்கா இது எங்க ராஜா. மதியம் சாளை மீன் தலை சாப்பிடும். உம்மா தினமும் எடுத்து வைப்பாங்க. சாயங்காலம் 6 மணிக்குத் தாத்தா வந்து கூட்டிட்டுப் போவாங்க. தாத்தா எனக்குத் தமிழ் சொல்லித்தருவாங்க. நீங்க யாரு?'

கடைசிக் கேள்வியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது. விழுந்ததற்குப் பிறகு அவர் வெளியே போவதே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த நேரம் நான் மாடி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனைக்குப் போனேன். தூரத்தில் வேட்டியும் கைத்தடியுமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். தையல் கடையில் நின்றார். அந்த அக்கா எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். உட்காரவில்லை, ஏதோ கேட்டுவிட்டு நடந்தார். டீக்கடையில் சொல்லாமலே சர்க்கரை இல்லாத டீ வந்தது. கடைக்காரர், "அண்ணாச்சி, டைகரு இப்பத்தான் இந்தப் பக்கமாப் போனான்" என்றார். பிறகு பச்சைக் கதவு போட்ட வீடு. ஒரு சிறுமி நோட்டோடு வாசற்படியில் காத்திருந்தாள். அப்பா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். மேலே மதிலில், வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, தம்பி.

எந்தப் பக்கமும் முடிவெடுக்காதவனை மதில்மேல் பூனை என்று சொல்வது எவ்வளவு தப்பு என்று எனக்கு அப்போது தோன்றியது. தம்பிக்கு எந்த வீட்டில் எப்போது இறங்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. அப்பாவுக்கும்தான். தெரியாமல் கீழே நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

டாக்டர் சொன்ன நடைக்காக நான் நாய் தேடிக்கொண்டிருந்தேன். அவர் மூன்று தெரு நடந்துகொண்டிருந்தார். யாராவது எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காக நாய் தேடினேன். மூன்று வீடுகள் அவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா இருந்தவரை இந்தத் தெருக்களில் அவருக்கு யாரையும் தெரியாது. ஆட்களோடு பேசுவதெல்லாம் அம்மாவின் வேலை. அவள் போன பிறகு பூனையைத் தேடிப் போய்த்தான் அவர் இவர்களையெல்லாம் தெரிந்துகொண்டிருக்கிறார்.

*

என்னைப் பார்த்ததும் அவர் திடுக்கிடவில்லை. "வா" என்றார். சிறுமியிடம் விடைபெற்றுக்கொண்டு திரும்பி நடந்தோம். இருபது அடி பின்னால், மதில்களின் மேலேயே, தம்பி வந்துகொண்டிருந்தான். குறுந்தொகையில் மாலை நேரத்தில் வேலியோரம் கோழியைத் தேடி வெருகு வருகிறது என்று அப்பா சொன்னார். வெருகு என்றால் காட்டுப் பூனை. "ரெண்டாயிரம் வருஷமா இதே நேரத்துக்குத்தான் வருது."

"ஏம்ப்பா நாய் வேண்டாம்னீங்க?"

சந்து முனை வரும்வரை பேசவில்லை. பிறகு சொன்னார். வள்ளியூர் பக்கம் கிராமத்தில் சின்ன வயதில் அவரிடம் மணி என்று ஒரு நாய் இருந்தது. 1965-ல் புகுமுக வகுப்பு படிக்க அவர் பாளையங்கோட்டைக்கு வந்தார். பஸ் ஏறிய புளியமரத்தடி வரை மணி கூடவே வந்தது. ஊரிலிருந்து பெரியப்பா எழுதும் கார்டுகளில் ஒவ்வொரு முறையும் கடைசி வரி மணியைப் பற்றியே இருந்தது. தினமும் புளியமரத்தடிக்குப் போய்விடுகிறது. கடைசி பஸ் போன பிறகுதான் வீட்டுக்கு வருகிறது. சோறு சரியாகத் தின்பதில்லை. பொங்கலுக்கு அவர் போனபோது புளியமரத்தடியில் யாரும் இல்லை.

"பஸ்ஸுல வரும்போதே தெரிஞ்சிருச்சு" என்றார். "இருந்தா ஓடி வந்திருக்கும்லா."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"நல்ல நாய்னா பன்னெண்டு பதிமூணு வருஷம் இருக்கும். எனக்கு இப்ப எழுவத்தாறு. நீயே கணக்குப் போட்டுக்கோ. நான் போனப்பறம் அது அந்த வாசல்லயே கெடக்கும். நீ மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போவியா? உன் பிளாட்டுல பகல் பூரா அது தனியா என்ன செய்யும்?"

என்னிடம் பதில் இல்லை. அவரையே பகல் பூரா அங்கே வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியாமல்தான் நாய் வாங்க வந்திருந்தேன்.

"இவன்னா அந்தக் கவலை இல்ல" என்று பின்னால் கையைக் காட்டினார். "இவனுக்கு மூணு வீடு இருக்கு. ரெண்டு நா என்னைக் காணலன்னா தேடுவான். அப்புறம் ஜானியாவோ ராஜாவாவோ இருந்துக்கிடுவான்."

இவன் என்றார். இவனுக்கு என்றார். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

அம்மா இறந்தபோது ஒன்பது நாள் வராததற்காக அவர் அதைத் திட்டிக்கொண்டிருந்தார் என்றுதான் மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாயாக இருந்தால் வாசலை விட்டு அசைந்திருக்காது என்று அவர் சொன்னது உண்மையில் திட்டே இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. புளியமரத்தடியை நினைத்துக்கொண்டு சொன்னதாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை.

*

மீதி நாட்களில் வலையைக் கழற்றினேன். அறுவை சிகிச்சை வீண்போகவில்லை. இனிக் கடுவன்களோடு சண்டை போட்டுக் காது கிழிந்து வருவது குறையும் என்றார் மருத்துவர். தடுப்பூசி போட்டு, அடுத்த வருடத் தேதியைக் காலண்டரில் எழுதி ஒட்டினேன். மூன்று இடங்களுக்கும் போய், பூனைக்குப் பால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். டீக்கடைக்காரர், "டைகர் டீதான குடிக்கும்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நம்புகிறேன்.

பச்சைக் கதவு வீட்டில் இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். ஆறே காலுக்குள் தாத்தா வராவிட்டால் எனக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். எதிர்வீட்டுக் கோயம்புத்தூர்க்காரரிடமும் போய்ப் பேசி அவர் நம்பரை வாங்கிக்கொண்டேன். பின்கட்டில் பாசியைத் தேய்த்துக் கைப்பிடிக் கம்பி அடித்தாயிற்று. இதெல்லாம் போதும் என்று சொல்லமாட்டேன். அப்பா விழுந்தது காலை ஐந்தரை மணிக்கு. சிறுமி அவரைத் தேடுவது மாலை ஆறு மணிக்கு. இடையில் பன்னிரண்டரை மணி நேரம் இருக்கிறது. போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வைத்திருக்கிறார், பாதி நாள் சார்ஜ் இல்லாமல்.

இருபத்தெட்டாம் நாள் ஊசியைச் சென்னையில் போட்டுக்கொண்டேன். அலுவலகத்தில் இப்போது போன் சத்தத்தை அணைப்பதில்லை. கூட்டத்தில் யாராவது முறைத்தால் முறைக்கட்டும். தினமும் ஆறே காலுக்கு 'தாத்தா வந்தாச்சு' என்று செய்தி வருகிறது. வராவிட்டால்தான் அனுப்பச் சொன்னேன். அவள் வந்தாலும் அனுப்புகிறாள்.

போன மாதம் ஒரு நாள் செய்தியில் இன்னொரு வரியும் இருந்தது. 'ராஜா ரெண்டு நாளா வரல அக்கா.' இரவு பத்து மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். நான்காவது முறையும் எடுக்காதபோது எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்காரரை அழைத்தேன். தூக்கத்திலிருந்து எழுந்து வந்திருப்பார் போல. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"ஐயா நல்லாத்தான் இருக்காருங்க" என்றார். "மாடியில டார்ச் அடிச்சிட்டு நிக்கறாரு. தம்பி தம்பின்னு கூப்புட்டுட்டு இருக்காருங்க."

"போனை அவருகிட்ட குடுக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். போனைக் கொஞ்ச நேரம் அப்படியே வெளியே நீட்டிப் பிடிக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன்.